காயம் ஆறுமுன் கணக்கை முடிக்கலாமா?

அஸர் தொழுகை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. பள்ளிவாசல் தெருவில் நிறுத்தியிருந்த தமது காரை ஓர் இளைஞர் பின்னோக்கி எடுத்தார். வேகம் என்று சொல்ல எதுவுமில்லை. மனிதர் நடக்கும் வேகம்தான். பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவரைக் கார் இலேசாகத் தட்டியது. அவர் சரிந்து விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு ஏற்பட்டது. தலை நடைபாதையின் விளிம்பில் பட்டுச் சிறிதாக வீங்கியது. இளைஞர் பதறி ஓடிவந்து தூக்கி அமர்த்தி, கண்கலங்க மன்னிப்புக் கேட்டார். கூடியிருந்த பெரியவர்கள் பேசி, மருந்துச் செலவுக்கென 2,000 ரூபாய் கொடுக்கச் செய்தார்கள். “ஒன்றுமில்லை தம்பி, அல்லாஹ் காப்பாற்றினான், நீங்க போங்க” என்றார் விழுந்தவர். இருவரும் முஸாஃபஹா செய்து பிரிந்தார்கள். காவல் நிலையம் போகாமல், கூச்சல் இல்லாமல், ஐந்து நிமிடத்தில் காரியம் முடிந்தது என்று எங்கள் மஹல்லாவே மனம் நிறைந்தது.

மூன்றாவது வாரத்தில் அந்தப் பெரியவரின் நடை தடுமாறத் தொடங்கியது. பேசும்போது சொற்கள் குழம்பின. தொழுகையில் ரக்அத்துகளின் எண்ணிக்கை மறந்தது. வயதாகிவிட்டது என்று வீட்டார் எண்ணினார்கள். ஒரு காலையில் வலக்கை தூக்க வராமல் போனபோதுதான் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே இரத்தம் மெல்ல மெல்லக் கசிந்து தேங்கியிருந்தது. இதய நோய்க்காக அவர் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொண்டு வந்தவர். அறுவை சிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். ஆனால் அவர் தையற்காரர். இன்று அவருடைய விரல்களுக்கு ஊசியில் நூல் கோக்க வராது. மகளின் நகை அடகுக் கடையில் இருக்கின்றது.

இழப்பீடு கேட்கலாம் என்று யாரோ சொன்னபோது கையில் ஒரு காகிதமும் இல்லை. காரின் எண்ணை எவரும் குறித்துவைக்கவில்லை. முதல் நாள் மருத்துவரிடம் காட்டவில்லை. மருத்துவமனையில் சேர்த்தபோது, போலீஸ் விவகாரமாகிவிடுமோ என்று அஞ்சி, ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று வீட்டார் சொல்லியிருந்தார்கள். அதுவே பதிவேட்டில் ஏறியிருந்தது. இளைஞர் வளைகுடாவில் தமது வேலைக்குத் திரும்பியிருந்தார். அவருடைய குடும்பத்தாரோ, அது அன்றே பேசி முடிந்த விஷயம் என்றார்கள். இப்படியொரு நாளுக்கென்றே சட்டம் கட்டாயப்படுத்தி, ஆண்டுதோறும் பிரீமியம் செலுத்தப்பட்டு வந்த அந்தக் காரின் காப்பீடு, தொடப்படாமலே கிடந்தது.

தவறு செய்தவர் யார் என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். இளைஞர் ஓடிப்போகவில்லை. பெரியவர் பேராசைப்படவில்லை. இருவரும் நல்லவர்களே. அவர்களைச் சுற்றி நின்ற நாம்தான், என்ன காயம் என்று தெரியுமுன்னரே கணக்கை முடித்துவைத்தோம்.

மெதுவான மோதல், மெதுவாக வெளிப்படும் காயம்

கார் நசுங்கவில்லையென்றால் உள்ளே இருந்தவருக்கும் ஒன்றுமில்லை என்பது நம்மிடையே பரவியுள்ள எண்ணம். தகடு வேறு, தசை வேறு. மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது சாலையில் ஊர்ந்து செல்லும் வேகமாகத் தோன்றும். ஆனால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது இருக்கும் வேகமும் அதுவே. அந்த உயரத்திலிருந்து நம் வீட்டுப் பெரியவர் விழுந்தால் ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவோமா?

சிக்னலில் நிற்கும் காரைப் பின்னாலிருந்து மற்றொரு கார் இடிக்கும்போது, உடல் இருக்கையோடு முன்னே தள்ளப்படுகின்றது. 4 அல்லது 5 கிலோ எடையுள்ள தலை ஒரு கணம் பின்தங்கி, பிறகு முன்னே வீசப்படுகின்றது. கழுத்தின் தசைகளும் தசைநார்களும் அந்த இழுவையைத் தாங்குகின்றன. வலியும் இறுக்கமும் சில மணி நேரம் கழித்தோ மறுநாள் காலையிலோதான் தெரியவரும். எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் எதுவும் தென்படாது. பலருக்கு வாரங்களில் அல்லது சில மாதங்களில் குணமாகிவிடும். சிலருக்கு நீண்ட நாள் நீடிக்கும்.

சிலருடைய நிலை இன்னும் கவனத்துக்குரியது. வயதானவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் ஆகியோருக்குத் தலையில் பட்ட சிறு அடியும் வாரங்கள் கழித்து வெளிப்படலாம். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வெளிக்காயமே இல்லாதபோதும் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரியும் ஆபத்து உண்டு. ஆகவே அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தலைவலி கூடிக்கொண்டே போதல், வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சுக் குழறல், கைகால் மரத்துப்போதல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் அமரும் வழக்கம் நம் குடும்பங்களில் அதிகம். 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த, 50 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தூக்கும் வலிமை தேவைப்படும். எந்தத் தாயின் கைக்கும் எதிர்பாராத கணத்தில் அது இயலாது. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பது என்று நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் கற்பிக்கின்றோம். இருக்கைப் பட்டியும் அந்தக் கயிறுதான்.

காயம் ஆறும்வரை காத்திருக்கச் சொன்ன மார்க்கம்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் மற்றொருவரின் முழங்காலில் கொம்பால் குத்திவிட்டார். காயம்பட்டவர் உடனே வந்து பதிலுக்குப் பதில் நீதி கேட்டார். காயம் ஆறும்வரை பொறுத்திருக்குமாறு நபியவர்கள் கூறினார்கள். அவர் பொறுக்கவில்லை, மீண்டும் வந்து வற்புறுத்தி, தமக்குரியதைப் பெற்றுக்கொண்டார். பின்னர் அவருக்குக் கால் ஊனமாயிற்று. திரும்பி வந்து முறையிட்டபோது, முன்பே தடுத்ததை நினைவூட்டிய நபியவர்கள், காயம் ஆறுமுன் அதற்கான தீர்வை நாடுவதைத் தடை செய்தார்கள். அம்ரு பின் ஷுஐப் அவர்கள் வழியாக அஹ்மத், தாரகுத்னீ நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

காயத்தின் முடிவு தெரியுமுன் அதற்கு விலை வைக்க முடியாது என்ற அறிவை இச்சம்பவத்திலிருந்து நாம் பெறுகின்றோம். எங்கள் தெருவில் நடந்தது இதற்கு நேர்மாறானது. பெருந்தன்மையின் பெயரால் நாம் அவசரப்பட்டோம்.

‘மன்னிப்பது சிறந்ததல்லவா? ஏன் வழக்கு, ஏன் இழப்பீடு?’ என்று கேட்போர் உண்டு. மன்னிப்பது சிறந்ததுதான். தீமைக்கு ஈடு அதைப் போன்றதே என்று சொல்லும் இறைவசனம், மன்னித்துச் சமாதானம் செய்பவரின் கூலி அல்லாஹ்விடம் உள்ளது என்றும் கூறுகின்றது (42:40). எனினும், அந்த மன்னிப்பு யாருடையது என்பதை நாம் கவனிப்பதில்லை. தவறுதலாக நடந்த கொலை குறித்துப் பேசும் வசனம் (4:92), நஷ்டஈட்டை இறந்தவரின் குடும்பத்தாரிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிட்ட பின்னரே, அவர்களாகத் தர்மமாக விட்டுக்கொடுத்தாலன்றி என்று விலக்கு அளிக்கின்றது. விட்டுக்கொடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவரின் கையில் இருக்கின்றது. இடித்தவர் கேட்டுப் பெறும் தள்ளுபடியன்று அது. சுற்றி நிற்பவர்கள் அவர் சார்பில் வழங்கும் அன்பளிப்புமன்று.

மேலும், எதை மன்னிக்கின்றோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அளவு அறியப்படாத கடனிலிருந்து ஒருவரை விடுவிப்பது செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபில் அறியப்பட்ட நிலைப்பாடு. ஹனஃபி மத்ஹபில் இதில் வேறு கருத்து உண்டு. சட்ட நுணுக்கத்தை உலமாக்களிடம் விட்டுவிடுவோம். சிராய்ப்பை மன்னிப்பதாக நினைத்துத் தலையாட்டிய தையற்காரர், தம் வலக்கையையும் மன்னித்துவிட்டார் என்று எந்த மனசாட்சி சொல்லும்?

இடித்தவரின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அந்த இளைஞருக்கு நாம் உதவி செய்ததாக நினைத்தோம். உண்மையில், அவர் அறியாமலே அவர் கழுத்தில் ஒரு கடனைத் தொங்கவிட்டு அனுப்பிவைத்தோம். தொழுகையோடும் நோன்போடும் மறுமையில் வந்தும், பிறருக்கு இழைத்த தீங்குகளுக்கு ஈடாக அந்த நன்மைகளையெல்லாம் இழந்து நிற்பவரே உண்மையில் திவாலானவர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை முஸ்லிம் நூலில் காண்கின்றோம். நோக்கமின்றி நடந்ததற்குப் பாவம் இல்லாதிருக்கலாம். ஆனால் நோக்கமின்மை ஈட்டுப் பொறுப்பை நீக்கிவிடுவதில்லை. தவறுதலான கொலைக்கும் நஷ்டஈடு விதிக்கப்பட்டிருப்பதே அதற்குச் சான்று.

மறுபக்கத்துத் தீமை

இதே மஹல்லாவில் இதற்கு எதிரான காட்சியையும் கண்டோம். சிக்னலில் நின்ற ஒருவரின் கார் பின்னாலிருந்து இடிக்கப்பட்டது. மூன்று நாள் கழுத்து வலி இருந்தது, பிறகு சரியாயிற்று. அதற்குள் மருத்துவமனை வாசலில் இடைத்தரகர் ஒருவர் அவரைக் கண்டுபிடித்துவிட்டார். பத்து நாள் படுக்கையில் சேர்ந்ததாகக் காட்டலாம், வருமானத்தை இருமடங்காக எழுதலாம், ஊனச் சான்றிதழுக்கு ஆள் இருக்கின்றது என்றெல்லாம் ஆசை காட்டினார். ‘இன்சூரன்ஸ் கம்பெனிப் பணம்தானே, யாருக்கு நஷ்டம்?’ என்பதுதான் அவருடைய வாதம். அந்தச் சகோதரர், அல்லாஹ் அவருக்கு அருள் புரிவானாக, மறுத்துவிட்டார். எல்லாரும் மறுப்பதில்லை.

இதைவிடச் சாதாரணமாகிவிட்ட மற்றொன்றும் உண்டு. உரிமம் இல்லாத மகன் ஓட்டி இடித்திருப்பான். உரிமம் வைத்திருக்கும் தந்தையோ மாமாவோ தாம் ஓட்டியதாகக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பார். பிள்ளையைக் காப்பாற்றுவதாக எண்ணுகின்றோம். பொய்ச் சாட்சியம் எப்படிச் சொல்வது என்று பிள்ளைக்கு முதல் பாடம் நடத்துகின்றோம். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால், பாதுகாவலருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் (பிரிவு 199அ) இடமுண்டு என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். சாவியைக் கொடுக்காமலிருப்பதே பிள்ளையைக் காப்பாற்றும் வழி.

ஒருவர் மற்றொருவரின் பொருளை முறையின்றி உண்ண வேண்டாம் என்றும், தெரிந்துகொண்டே பிறர் பொருளில் ஒரு பகுதியைப் பாவமான வழியில் விழுங்குவதற்காக நீதிபதிகளிடம் கொண்டு செல்ல வேண்டாம் என்றும் குர்ஆன் தடுக்கின்றது (2:188). தம்மிடம் வழக்குக் கொண்டு வருவோரில் வாதத் திறமை மிக்கவருக்குச் சாதகமாகத் தாம் தீர்ப்பளித்துவிடக் கூடும் என்றும், அவ்வாறு தம் சகோதரரின் உரிமையைப் பெற்றவர் நெருப்பின் ஒரு துண்டையே பெற்றிருக்கின்றார் என்றும் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. நபியவர்களின் தீர்ப்பே பொய்யை ஹலாலாக்காதபோது, தீர்ப்பாயத்தின் உத்தரவு ஆக்கிவிடுமா?

‘யாருக்கு நஷ்டம்?’ என்ற கேள்விக்கும் விடை இருக்கின்றது. கழுத்து வலிக்கு எக்ஸ்ரேயில் சான்று இல்லை என்று மேலே சொன்னோம். ஆகவே அதற்குப் பாதிக்கப்பட்டவரின் சொல்லே பெரும்பாலும் சாட்சி. ஒருவர் பொய் சொல்லும்போது, அடுத்து வரும் பத்துப் பேரின் உண்மையான வலியும் சந்தேகத்துக்கு உள்ளாகின்றது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய கழுத்துக் காயக் கோரிக்கைகள் மிகுந்து, பொய்யானவையும் மிகைப்படுத்தப்பட்டவையும் கலந்துள்ளன என்ற புகார் எழுந்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 2021 மே 31 முதல் நடந்த விபத்துகளுக்கு அரசே தொகையை நிர்ணயித்தது. மூன்று மாதத்துக்கு மேற்படாத கழுத்துக் காயத்துக்கு அப்போது வைக்கப்பட்ட தொகை 240 பவுண்டு மட்டுமே. பொய்யர்களால் ஏற்பட்ட அவநம்பிக்கையின் விலையை உண்மையாக வலித்தவர்களும் சேர்ந்து செலுத்துகின்றார்கள். அதே சட்டத்தில் நாம் பாராட்ட வேண்டிய ஒரு விதியும் உண்டு: மருத்துவ அறிக்கை இல்லாமல் அத்தகைய கோரிக்கையைப் பேசி முடிப்பதற்கு அங்கே தடை இருக்கின்றது.

நம் நாட்டிலும் நிலைமை இதுவே. உத்தரப்பிரதேசத்தில் போலி விபத்துக் கோரிக்கைகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்குமாறு அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல் உத்தரவிட நேர்ந்தது. போலிகள் பெருகப் பெருக, எங்கள் தையற்காரரைப் போன்ற ஏழை ஒருவர் தீர்ப்பாயத்தின் படியேறும்போது, இவரும் அப்படித்தானோ என்ற பார்வையே அவரை வரவேற்கும்.

என்ன செய்ய வேண்டும்?

கடன் கொடுக்கல் வாங்கல் சிறிதாயினும் பெரிதாயினும் எழுதிவைக்கச் சலிப்படைய வேண்டாம் என்று குர்ஆன் நமக்குக் கற்பிக்கின்றது (2:282). எழுதிவைப்பது அவநம்பிக்கையின் அடையாளமன்று; உறவு கெடாமல் காக்கும் வேலி. விபத்திலும் அதையே கடைப்பிடிப்போம்.

இடித்தவர், காயம்பட்டவரை மருத்துவ உதவிக்குக் கொண்டு செல்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் தருவதும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் (பிரிவு 134) சுமத்தும் கடமைகள். பெயர், கைபேசி எண், வாகன எண், காப்பீட்டுச் சான்றின் படம் ஆகியவற்றை அவரே முன்வந்து கொடுக்கட்டும். ‘இன்று ஒன்றும் தெரியாமலிருக்கலாம், பிறகு ஏதேனும் தோன்றினால் என்னிடம் சொல்லுங்கள்’ என்று கூறுவது 2,000 ரூபாயைவிடப் பெரிய தர்மம்.

காயம்பட்டவர் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ஏறும் அந்த வரி, ‘ஏ.ஆர். காப்பி’ என்று நாம் அழைப்பது, பின்னாளில் முதல் சாட்சியாகும். ‘வழுக்கி விழுந்தார்’ என்ற நல்லெண்ணப் பொய் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டு நிறுத்தியது என்று மேலே கண்டோம். செலவைக் கண்டு அஞ்சித் தயங்குவோர், தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் முதல் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் நடைமுறையில் உள்ளதை நினைவில் கொள்ளட்டும். சாலை விபத்தில் காயமுற்றவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், வரையறுத்த அளவுவரை கட்டணமின்றி அது அளிக்கின்றது. காவல் நிலையத்தில் புகார் அளித்தால் ரசீது கேட்டுப் பெறுங்கள். வலி, மருந்து, வேலைக்குப் போகாத நாட்கள் ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறித்து வாருங்கள். எல்லாம் முடிந்தது, இனிக் கோரிக்கை இல்லை என்ற வாசகமுள்ள எந்தத் தாளிலும், உடல் தேறிய செய்தியை மருத்துவர் சொல்லுமுன் கையெழுத்திடாதீர்கள்.

இழப்பீடு கோரும் மனுவை (பிரிவு 166) விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் இடத்துக்குரிய தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்கின்றது. காயம் ஆறும்வரை காத்திருப்பது என்பது மனுச் செய்யாமல் இருப்பதன்று. மனுவையும் பதிவுகளையும் உரிய காலத்தில் செய்துவிட்டு, இறுதித் தொகையை அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதிருப்பதே. வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பாராமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் இணக்கமாக முடித்தால் காலமும் மிஞ்சும். ஆனால் அங்கே செய்த முடிவின் மீது மேல்முறையீடு இல்லை என்பதால், அங்கும் மருத்துவரின் சொல் கையில் இருக்க வேண்டும்.

ஊனத்தின் சதவீதம் வேறு, பிழைப்பின் இழப்பு வேறு என்று 2010இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விளக்கியது. இடக்கையை இழந்த தச்சருக்கும் ஓட்டுநருக்கும் பிழைப்பே முற்றிலும் போய்விடலாம்; அலுவலக எழுத்தருக்கு வேலை நீடிக்கலாம் என்று அது எடுத்துக்காட்டியது. தையற்காரரின் விரல்களுக்கு உரிய மதிப்பைச் சட்டம் அறிந்திருக்கின்றது. அதைக் கேட்க நாம்தான் அறிந்திருக்கவில்லை.

காப்பீட்டுப் பணம் கூடுமா?

இக்கேள்வி நம் வீடுகளில் தவறாமல் எழுகின்றது. வணிகக் காப்பீடு குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் வாகனத்துக்கான மூன்றாம் நபர் காப்பீடு சட்டத்தின் கட்டாயம். மேலும், காயம்பட்டவர் எந்தக் காப்பீட்டு ஒப்பந்தமும் செய்துகொண்டவரல்லர். அவர் கேட்பது தமக்குத் தீங்கிழைத்தவரிடமிருந்து வரவேண்டிய ஈடு. அவர் சார்பில் அதை நிறுவனம் செலுத்துகின்றது. தவறுதலான கொலையின் நஷ்டஈட்டைக் குற்றவாளி ஒருவரே சுமக்காமல் அவருடைய தந்தைவழி உறவினர்கள் பகிர்ந்து சுமக்கும் ‘ஆகிலா’ முறையை நம் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. ஈட்டின் சுமையைப் பலர் பகிர்வது நம் மரபுக்குப் புதிதன்று. தீர்ப்புத் தொகையோடு சேர்ந்து வரும் வட்டியை என்ன செய்வது என்பதை அவரவர் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். அந்த ஐயத்துக்காக அசல் உரிமையையே கைவிடுவது பேணுதலாகாது.

ஆடுகள் இரவில் புகுந்து மேய்ந்துவிட்ட விளைநிலம் பற்றித் தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) இருவரும் தீர்ப்பளித்ததைக் குர்ஆன் நினைவுகூர்கின்றது (21:78). நிலம் பழைய நிலைக்கு வரும்வரை ஆடுகளின் பயனை நிலத்துக்குரியவர் பெறட்டும். பின்னர் இரண்டும் அவரவரிடம் திரும்பட்டும் என்பது ஸுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பு என விரிவுரையாளர்கள் விளக்குகின்றார்கள். நிலத்துக்காரர் இழந்ததற்கு மேல் ஒரு பிடியும் பெறவில்லை. ஆட்டுக்காரர் செலுத்த வேண்டியதில் ஒரு பிடியும் குறையவில்லை. நாம் கேட்கும் இழப்பீட்டுக்கும் கொடுக்கும் இழப்பீட்டுக்கும் இதுவே அளவுகோலாக இருக்கட்டும்.

ஜமாஅத் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். தெருவில் விபத்து நடந்து மக்கள் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது, சமாதானத்தை நிறைவேற்றுங்கள். கணக்கை மட்டும் அன்றே மூடாதீர்கள். இரு தரப்பின் பெயரையும் வாகன எண்ணையும் பள்ளிவாசல் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். காயம்பட்டவரை மருத்துவரிடம் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து இருவரையும் மீண்டும் அழைத்து நலம் விசாரியுங்கள். அப்போதும் ஒன்றுமில்லையென்றால், அன்று சொல்லும் ‘மன்னித்தேன்’ என்ற சொல் முழுமையானது. யாரேனும் இல்லாத வலியை எழுதித் தரச் சொன்னால், நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்து நிற்குமாறு கட்டளையிடும் வசனத்தை (4:135) அவருக்கு நினைவூட்டுங்கள்.

அந்தத் தையற்காரர் இப்போதும் ஐவேளையும் பள்ளிக்கு வருகின்றார். தக்பீரின்போது வலக்கை தோள்வரை உயர்வதில்லை. இடக்கையால் அதைத் தாங்கி உயர்த்துகின்றார். இளைஞரைப் பற்றிக் கேட்டால் கோபம் கொள்வதில்லை. அவர் மன்னித்துவிட்டிருக்கக் கூடும். அவருடைய உரிமையைக் காக்கத் தவறியதற்கு நாம்தான் இன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் கைகளால் பிறருக்கு நேரும் தீங்குகளிலிருந்து எங்களைக் காப்பாயாக. நேர்ந்துவிட்டால், உரியவருக்கு உரியதைக் குறையாமல் சேர்க்கும் மனத்தைத் தருவாயாக. எங்களுக்கு உரியதல்லாத ஒரு காசும் எங்கள் வீட்டுக்குள் நுழையாமல் தடுப்பாயாக. ஆமீன்.